இடது இடுப்பு

உக்காருங்க டீச்சர். அந்த நாற்காலி வேண்டாம், அது ஒரு கால் நொடிக்கும். இந்தக் கட்டில்லயே உக்காருங்க. நான் நிக்கேன்னு சங்கடப்படாதீங்க. எனக்கு உக்காந்தாத்தான் கஷ்டம், நின்னா எவ்வளவு நேரம்னாலும் நிப்பேன்.

பிசியோதெரபிக்காரப் பொண்ணுதான அனுப்புச்சு? தெரியும். "ஆவுடையக்காட்ட போய் ஒரு வார்த்த கேட்டுக்கோங்க"ன்னு சொல்லியிருக்கும். சங்கரன்கோயில்ல யாருக்கு முதுகெலும்பு ஆபரேஷன்னு தேதி குடுத்தாலும் நேரா எங்கிட்டதான் வாராவ. டாக்டர் சொன்னா நம்ப மாட்டாவ, நான் நடந்து காட்டணும். இந்தா பாருங்க, நடக்கேன். திரும்புதேன். குனிய மட்டும் முடியாது. கீழ ஒரு ஊக்கு விழுந்தாலும் முட்ட மடக்கி, தரையோட உக்காந்துதான் எடுக்கணும். அதுவும் பழகிரும்.

பண்ணுங்க டீச்சர், தைரியமா பண்ணுங்க. கால்ல மின்சாரம் மாதிரி இறங்குதுன்னு சொன்னியல்லா, அது போயிரும். எனக்குக் கண்ணு முழிச்ச அன்னைக்கே போச்சு. டாக்டர் தங்கமான மனுசன், அவர நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணே ஒண்ணு கேட்டு வச்சுக்கோங்க. எந்தப் பக்கத்து எலும்ப எடுப்பீங்கன்னு கேளுங்க. நான் கேக்காம விட்டுட்டேன்.

என்ன முழிக்கிய? உங்ககிட்ட அதச் சொல்லலையா? சொல்லியிருப்பாவ, நீங்க பயத்துல கேட்டிருக்க மாட்டிய. ரெண்டு முதுகெலும்ப ஸ்குரூ போட்டு நிறுத்துவாவ. ஆனா ஸ்குரூ மட்டும் போதாதாம், ரெண்டும் ஒட்டி ஒரே எலும்பா வளரணுமாம். அதுக்கு நடுவுல எலும்புத் துண்டு வைக்கணும். அத எங்க இருந்து எடுப்பாவன்னா, நம்ம இடுப்பெலும்புல இருந்துதான். கொஞ்சம் வெட்டி எடுத்து அங்க கொண்டு போய்ப் பதிப்பாவ. ஒட்டு மாங்கன்னு கட்டுத மாதிரின்னு டாக்டர் சொன்னார். எனக்கு எடுத்தது இடது இடுப்புல.

அந்தப் போட்டோவப் பாருங்க. ஆடித்தபசு அன்னைக்கு எடுத்தது, பின்னால சப்பரம் தெரியுதுல்லா? நான் தூக்கி வச்சிருக்கது எம் மக கோமதி. இடது இடுப்புல இருக்கா பாத்தியளா? போட்டோவுக்கு மால போடல, அதையும் பாத்துக்கோங்க. இதுக்கு முன்னால வந்த ஒரு அம்மா, நான் பேசுத பேச்சக் கேட்டுட்டு பிள்ள செத்துட்டான்னு நெனச்சு அழுதுட்டாவ. சாகல டீச்சர். இருக்கா. பாளையங்கோட்டையில ஒரு இல்லத்துல இருக்கா. நல்லா இருக்கான்னுதான் எல்லாரும் சொல்லுதாவ. அதான் எனக்குப் பயமே.

பிறந்தப்ப அழல. தலை வெளிய வர நேரமாயிருச்சு. கையும் காலும் விறைச்சிக்கிடும், கழுத்து நிக்காது. புத்தி தெளிவுதான், எல்லாம் புரியும். பேச்சு மட்டும் குழறும். ஊர்ல ஒருத்தருக்கும் அவ பேச்சு விளங்காது. எனக்கு மட்டும் ஒரு எழுத்து விடாம விளங்கும். அவ வாயத் திறக்கதுக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சிரும், தண்ணியா, வெளிக்கா, ஈ கடிக்கான்னு. "ஆவுடை இல்லன்னா அந்தப் பிள்ள இல்ல"ன்னு தெருவே சொல்லும். சும்மா சொல்லல, கண்ணால பாத்துதான் சொன்னாவ.

நான் அவளக் கீழ விட்டதே கிடையாது. இடது இடுப்புல அவ, வலது கையில குடம். இடது இடுப்புல அவ, வலது கையால தோசை. பத்தொம்பது வயசுப் பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நான் பஸ்ல ஏறுவேன், கால் ரெண்டும் என் முட்டுக்குக் கீழ தொங்கும். மெலிஞ்ச உடம்புதான். எச்சி ஒழுகி என் தோள் எப்பவும் ஈரமா இருக்கும், ஒரு துண்டு போட்டுக்கிடுவேன். கலெக்டர் முகாம்ல ஒரு தடவ சக்கர நாற்காலி குடுத்தாவ. வாங்கிட்டு வந்தோம். எதுக்கு? அதுல வச்சு உருட்டிட்டுப் போறதுக்கு அவ என்ன காய்கறியா? அரிசி மூட்டைய எலி கடிக்காம இருக்கட்டும்னு அதுமேல ஏத்தி வச்சேன். அதுக்கு நல்லா ஒத்தாசையா இருந்துச்சு.

பள்ளிக்கூடத்துக்கும் தூக்கிட்டுத்தான் போனேன். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் போனா. நல்லாப் படிப்பா. ஆறாங்கிளாஸ்ல ஹெட்மாஸ்டர் கூப்புட்டு, "அம்மா, நீங்க தினமும் கிளாஸ்ல உக்காந்திருக்க வேண்டாம், பிள்ளைய சக்கர நாற்காலியில விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கிடுதோம்"ன்னாவ. உங்க இனம்தான், கோவிச்சுக்காதீங்க டீச்சர், அவுகளுக்கு என்ன தெரியும்? அவ தண்ணி கேட்டா அவுகளுக்கு விளங்குமா? நான் அன்னைக்கே நிறுத்திட்டேன். ரெண்டு நாளு முரண்டு பிடிச்சா. அப்புறம் சரியாயிட்டா.

முதுகு எப்பமே வலிக்கும், அத யாரு கண்டுக்கிட்டா? கோயில் புத்துமண்ணக் குழைச்சுப் பத்துப் போடுவேன், கொஞ்சம் கேக்கும். ஒருநா வாளியத் தூக்கும்போது இடது கால் என் கால் மாதிரியே இல்ல. மரத்துப் போச்சு. கோமதியோட அப்பா தறிக்குப் போயிருந்தாவ. பிள்ள இடுப்புல இருக்கா. அவளையும் சேத்துக்கிட்டு சுவரோட சரிஞ்சு உக்காந்தேன். அவளுக்கு அடி கிடி பட்டுச்சா? ஒண்ணும் படல. நான் கீழ, அவ மேல.

மதுரையில ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு டாக்டர் சொன்னார், ஒரு எலும்பு முன்னால வழுக்கிட்டு வந்து நரம்ப நெரிக்குன்னு. "வீட்டுல கனம் தூக்குவீங்களாம்மா?"ன்னு கேட்டார். "இல்லவே இல்ல சார்"ன்னேன். சத்தியமா அப்படித்தான் சொன்னேன். எங்க வீட்டுல அவுக பக்கத்துல இருந்துக்கிட்டு, "பொய் சொல்லுதா சார்"ன்னுட்டாவ. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். பெத்த பிள்ளைய யாராவது கனம்னு சொல்லுவாளா? டாக்டர் பேனாவ வச்சுட்டு என்னையே பாத்தார். "இனி தூக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்னாலயும் கூடாது, பின்னாலயும் கூடாது"ன்னார். டாக்டர்மார் அப்படித்தான சொல்லுவாவ, அவுக பேருக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுல்லா?

ஆபரேஷனுக்கு முன்னால என்னென்ன செய்யணும்னு கேட்டியள்ல, சொல்லுதேன். வீட்ட முதல்ல தயார் பண்ணிக்கோங்க. குனிஞ்சு எடுக்கத எல்லாத்தையும் இடுப்பு உயரத்துக்கு ஏத்திருங்க. எங்க வீட்டுல அவுக அடுப்ப ஏத்தி வச்சாவ, உப்பு புளி டப்பாவெல்லாம் ஏத்தி வச்சாவ, பழைய கட்டில வாங்கி செங்கல் வச்சு உசத்துனாவ, கக்கூஸ்ல நாற்காலி போட்டாவ. கட்டில்ல புரண்டு எந்திரிக்கப் பழகுங்க. தோளும் இடுப்பும் ஒண்ணா, ஒரு மரக்கட்டைய உருட்டுத மாதிரி உருளணும், காலக் கீழ போட்டுக்கிட்டே கையூணி எந்திரிக்கணும். அந்தப் பொண்ணு சொல்லிக் குடுக்கும். இப்பமே பழகிட்டா அப்புறம் லேசு. பெல்ட்டுக்கு அளவு குடுங்க. இருமல் வந்தா ஆபரேஷனத் தள்ளிப் போட்டிருவாவ, குளிர்ந்தது எதுவும் குடிக்காதீங்க. வேற என்ன, மெட்டி. மெட்டியக் கழத்தச் சொல்லுவாவ. இப்பமே சோப்புப் போட்டுக் கழத்தி வச்சுருங்க. எனக்கு அங்க போய் கழலாம, நர்ஸ் வெட்டுதேன்னு நின்னுச்சு. கடைசியில அவுகதான் எண்ணெய் போட்டு, கால மடியில வச்சுக் கழத்துனாவ. கல்யாணத்துல போட்டுவிட்டவுகளே கழத்துதாவளேன்னு எனக்கு அழுகை வந்துருச்சு.

வீடெல்லாம் தயார் பண்ணியாச்சு. பிள்ளைய என்ன செய்ய? "நான் பாத்துக்கிடுதேன்"ன்னாவ. வயசுக்கு வந்த பிள்ளைய அப்பா எப்படிக் குளிப்பாட்ட முடியும்? அவுகதான் விசாரிச்சு பாளையங்கோட்டையில அந்த இல்லத்தக் கண்டுபிடிச்சது. சிஸ்டர்மார் நடத்துதாவ. ஸ்டெல்லா சிஸ்டர்னு ஒருத்தவுக பொறுப்பு. நான் ஒத்துக்கிட்டேன். நான் எந்திரிச்சு நடக்குத வரைக்கும்தான்னு சொல்லித்தான் ஒத்துக்கிட்டேன்.

கொண்டு விடப் போனப்பவும் தூக்கிட்டுத்தான் போனேன். டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்துச்சு. அவுக ஆட்டோ பிடிக்கேன், நான் தூக்குதேன்னாவ. நான் குடுக்கல. கடைசித் தடவல்லான்னு வாயில வந்துருச்சு, கடைசின்னு ஏன் வந்துச்சுன்னு இன்னைக்கும் தெரியல. இல்லத்துக் கேட் பக்கத்துல நிக்கும்போது கால் மரத்து, வேர்வை ஆறா ஓடுது. உள்ள இருந்து ஸ்டெல்லா சிஸ்டர் ஒரு சக்கர நாற்காலிய உருட்டிட்டு வந்தாவ. அதுல இறக்கி விட்டேன். அவ சுத்திச் சுத்திப் பாத்தா. சக்கரத்தத் தொட்டுப் பாத்தா. அழவே இல்ல டீச்சர். பயந்துட்டா பிள்ள. பயந்தா அவளுக்கு அழுகை வராது.

ஆபரேஷன் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, மயக்கத்துல இருந்தேன். முழிப்பு வரும்போது நான் பேசுனதா நர்ஸ் சொல்லுச்சு. "பிள்ளைய வாங்கிக்கோங்க, பிள்ளைய வாங்கிக்கோங்க, இடுப்பு இறங்குது"ன்னு கத்துனேனாம். கூட்டத்துல யாருகிட்டயோ குடுக்க மாதிரி கைய நீட்டுனேனாம். நர்ஸ் சிரிச்சுக்கிட்டுதான் சொல்லுச்சு. எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா அப்பமும் அவ அங்கதான் இருந்தா.

எப்படிச் சொல்ல? கால் வலி போச்சு. முதுகு வெட்டுன இடம் வலிச்சுது, அது வேற. இடது இடுப்புல மட்டும் ஒரு கனம். சாய்ஞ்சு, அழுத்தி, ஒருத்தர் உக்காந்திருக்க கனம். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தப்ப சொன்னேன். அப்பதான் சொல்லுதார், "அங்க இருந்துதாம்மா எலும்பு எடுத்தோம், முதுகவிட அந்த இடம்தான் எல்லாருக்கும் கூட வலிக்கும். உங்க எலும்பு நல்ல உறுதி, இரும்பு மாதிரி இருந்துச்சு"ன்னார். பின்ன? பிள்ள உக்காந்து உக்காந்து உரமேறுன எலும்புல்லா? கொஞ்ச நேரம் பெருமையாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் நெஞ்சுல சுருக்குன்னு பட்டுச்சு. அவ இருந்த இடத்த வெட்டி எடுத்து முதுகுக்குள்ள வச்சுட்டாவளே, இனி அவ எங்க உக்காருவான்னு. டாக்டர்ட்ட கேட்டேன். "பின்பக்கம்தாம்மா எடுத்தது, பக்கவாட்டுல ஒண்ணும் செய்யல, அது அப்படியே இருக்கு"ன்னார். அவ எங்க உக்காருவான்னு எனக்குத் தெரியாதா, அவருக்குத் தெரியுமா?

வீட்டுக்கு வந்தேன். பகல்ல ஒருத்தரும் இருக்க மாட்டாவ. அவுக தறிக்குப் போயிருவாவ. பக்கத்து வீட்டு மதினி கஞ்சி குடுத்துட்டுப் போயிருவா. நான் பெல்ட்டக் கட்டிக்கிட்டு இந்த நடையில இருந்து அந்த நடை வரைக்கும் நடப்பேன். உச்சி நேரம், தெருவுல ஒரு சத்தம் இருக்காது, தறிச் சத்தம் மட்டும் தூரத்துல கேக்கும். அப்ப தோள் நனையும் டீச்சர். இந்தத் தோள். சூடா, பிசுபிசுன்னு இறங்கும். தொட்டுப் பாப்பேன், காய்ஞ்சு கிடக்கும். கைய எடுத்தா மறுபடியும் நனையும். காதுக்குக் கீழ மூச்சு விடுத மாதிரி இருக்கும். திரும்பிப் பாக்கலாம்னா, உடம்பத் திருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ. காலத் தூக்கி வச்சு முழு உடம்போட சுத்தித்தான் பாக்கணும். நான் சுத்துனா அதுவும் எங்கூட சுத்தும். ஒருநாளும் அது முகத்த நான் பாத்ததில்ல.

'அவ'ன்னு சொல்லாம 'அது'ன்னு சொல்லுதேன் பாத்தியளா? எனக்கே இப்பதான் உறைக்குது.

நான் துண்டு போட்டுக்கிட்டேன். அவுக ராத்திரி வந்து, "எதுக்கு இந்தத் துண்டு?"ன்னாவ. ஈரம்னேன். தொட்டுப் பாத்துட்டுச் சாப்பிட உக்காந்தாவ. எங்க வீட்டுல அவுக அதிகம் பேச மாட்டாவ.

நடக்க ஆரம்பிச்ச பிறகு ரேஷன் கடைக்குப் போனேன். வரிசையில நிக்கேன். எனக்குத் தெரியாது டீச்சர், நான் ஆடிக்கிட்டு நின்னிருக்கேன். பிள்ள வச்சிருக்கவ ஆடுவால்லா, லேசா இப்படி, இப்படி. இடுப்ப ஒரு பக்கமா ஒடிச்சுக்கிட்டு, இடது கைய வளைச்சுப் பிடிச்சுக்கிட்டு. முன்னால நின்ன பிள்ள, அஞ்சாறு வயசு இருக்கும், அதோட அம்மாவக் கிள்ளி, "எம்மா, இந்த அத்த யாரத் தூக்கி வச்சிருக்காவ?"ன்னு கேட்டுச்சு. அம்மாக்காரி அது வாயப் பொத்துனா. வரிசையே விலகி நின்னுச்சு. அன்னையில இருந்து நான் ரேஷன் கடைக்குப் போறதில்ல.

அடுத்த செக்கப்புக்குப் போனப்ப எக்ஸ்ரே படத்த வெளிச்சத்துல வச்சுக் காட்டுனார் டாக்டர். "அருமையா பிடிச்சிருக்கும்மா, ஒரே எலும்பாயிட்டு வருது"ன்னார். ரெண்டு பக்கமும் ஸ்குரூ, கம்பி. நடுவுல வெள்ளையா ஒண்ணு. நான் உத்துப் பாத்தேன். சின்னதா, கூன் போட்டு, கால் ரெண்டையும் தொங்கவிட்டு உக்காந்திருக்க மாதிரி. "சார், இது யாரு?"ன்னு கேட்டேன். அவுக என் கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்துட்டாவ. வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்துட்டு, தலையில கைய வச்சுக்கிட்டு, "அவ அங்க நல்லா இருக்கா ஆவுடை, அவள விட்டுரு"ன்னாவ. விட்டுருங்கதுக்கு என்ன அர்த்தம்? நான் பிடிச்சிருக்கனா, அவ பிடிச்சிருக்காளா? அவதான டீச்சர் எம்மேல ஏறி உக்காந்து இறங்க மாட்டேங்கா?

அப்பதான் எனக்குப் புத்தி வந்துச்சு. பிள்ள ஏங்கிப் போய்க் கிடக்கா. வாய்விட்டுச் சொல்லத் தெரியாது, அங்க சொன்னா விளங்குதவ கிடையாது. அதான் உசுரு இங்க வந்து இங்க வந்து உக்காருது. அவளக் கொண்டாந்து அவ இடத்துல வச்சுட்டா இந்தக் கனம் போயிரும். எலும்புதான் நல்லாப் பிடிச்சிருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரே. கனம் தூக்காதீங்கன்னும் சொன்னார்தான். அது எல்லாருக்கும் சொல்லுதது.

போன ஞாயித்துக்கிழமை அவுகளுக்குத் தெரியாம கிளம்பிப் போனேன். ஸ்டெல்லா சிஸ்டர் காப்பியெல்லாம் குடுத்தாவ. "கோமதி தோட்டத்துப் பக்கம் இருக்கா, வந்துருவா"ன்னாவ. வந்துருவான்னா எப்படி வருவா? பாத்துக்கிட்டே இருக்கேன், தாழ்வாரத்துல அந்த நாற்காலி வருது. பின்னால ஒரு பிள்ள தள்ளிட்டு வருது, பேரு ரெபேக்கா, அதுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. இவ எதையோ குழறுதா, அது சரிங்குது, திருப்புது, நிறுத்துது, தூணச் சுத்தி வருது. ரெண்டும் சிரிக்குதுக. கண்ணு தெரியாத பிள்ளைகிட்ட எம் பிள்ளைய விட்டிருக்காவளேன்னு சிஸ்டர ஒரு பிடி பிடிச்சேன். "ஒருநாளும் எதுலயும் முட்டுனதில்லம்மா. கோமதி சொல்லுவா, ரெபேக்கா தள்ளுவா"ன்னாவ. என்ன சொல்லுவா? இவ சொல்லுதது அதுக்கு எப்படி விளங்கும்?

பிள்ள சதை போட்டிருக்கா. முடிய வெட்டி விட்டிருக்காவ. என்னையப் பாத்து முகமெல்லாம் சிரிப்பு. நான் கையில இருந்த பையத் திண்ணையில வச்சுட்டு, நாற்காலிப் பக்கத்துல போய் நின்னு, இடுப்ப ஒடிச்சுக் குடுத்து, "வாட்டி, வீட்டுக்குப் போவோம்"ன்னேன்.

அவ வரல.

கைய நீட்டுவா டீச்சர், இடுப்பக் குடுத்தாலே ரெண்டு கையையும் நீட்டிருவா. நீட்டல. நாற்காலிக் கையப் பிடிச்சுக்கிட்டா. நான் நெனச்சேன், எம் மேல உள்ள இரக்கத்துல யோசிக்கான்னு. "எனக்கு வலிக்காதுட்டி, நல்லாயிருச்சு, வா"ன்னேன். தலைய ஆட்டுனா. ஆட்டிட்டு ஒண்ணு சொன்னா. மெதுவா, எனக்கு விளங்கணும்னு நிறுத்தி நிறுத்திச் சொன்னா.

நான் சிஸ்டரப் பாத்து, "என்ன சொல்லுதா?"ன்னு கேட்டேன். எனக்கு விளங்கிருச்சு. அவ சொல்லுதது எனக்கு விளங்காமப் போகுமா? ஆனா கேட்டேன். சிஸ்டர் தலையக் குனிஞ்சுக்கிட்டாவ. பின்னால நின்ன அந்தக் கண்ணு தெரியாத பிள்ளதான் பளிச்சுன்னு சொல்லுச்சு. "உங்க இடுப்பெலும்பு குத்துமாம் அத்த. அவளுக்கு ரொம்ப வலிக்குமாம்."

எத்தன வருசம் டீச்சர்? மழையில, வெயில்ல, தேரோட்டத்துல, தண்ணி லாரிக்கு நின்ன வரிசையில... "இத்தன நாளும் ஏண்டி எங்கிட்ட சொல்லல?"ன்னு கேட்டேன். அவ ஏதோ சொன்னா. அதுவும் எனக்கு விளங்குச்சு. அந்தப் பிள்ள அதையும் சொல்லுச்சு. "சொன்னாளாம் அத்த. தெனமும் சொன்னாளாம்."

பஸ்ல வாரேன், பக்கத்து சீட்டு காலியா கிடக்கு, ஒருத்தரும் உக்காரல. ஆள் இருக்குன்னு நெனச்சிருப்பாவ. பாதி வழி தாண்டுத வரைக்கும் என் தோள் நனைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அங்க வர மாட்டேன்னவ இங்க மட்டும் ஏன் உக்காந்திருக்கா? எனக்கு அது விளங்கவே மாட்டேங்குது. கோவமாவும் வருது, பயமாவும் இருக்கு.

கிளம்பிட்டியளா? இருங்க. காப்பி போடுதேன். அட, உக்காருங்க டீச்சர், உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும்.

வார ஞாயித்துக்கிழமை எங்கூட பாளையங்கோட்டை வரைக்கும் வருவியளா? உங்க ஆபரேஷனுக்குத்தான் இன்னும் நாள் இருக்கே. நான் சொன்னா அவ நம்ப மாட்டா. அவளுக்கு டீச்சர்னா ஒரு மரியாதை, சின்னதுல இருந்தே. நீங்க அவ பக்கத்துல உக்காந்து எடுத்துச் சொல்லணும். "கோமதி, உங்கம்மாவுக்கு அந்த எலும்ப டாக்டர் வெட்டி எடுத்துட்டாரு, இப்ப அந்த இடத்துல ஒண்ணுமே கிடையாது, நானே தொட்டுப் பாத்தேன், இனிமே ஒனக்கு வலிக்காது"ன்னு. இவ்வளவுதான், வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

பொய் சொல்லச் சொல்லுதேன்னு நெனைக்காதீங்க. இந்தா, கையக் குடுங்க. அட, குடுங்க டீச்சர், கூச்சம் என்ன? இங்கன. சீலைக்கு மேலயே தொட்டுப் பாருங்க. இன்னும் கொஞ்சம் முன்னால. நல்லா அழுத்திப் பாத்துச் சொல்லுங்க.

குத்துதா?